ஹார்முக்கு அடுத்த இடம்

ட்ரீனா இன்றைக்குச் சாகக் கூடாது. நாளைக்கும் கூடாது. அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தெம்பில்லை. அதற்காகத்தான் இந்தத் தூக்கு நிறையக் கோழி சூப்பை எடுத்துக்கொண்டு, அறுத்துப்போட்ட மக்காச்சோளக் காட்டு ஓரமாக, இந்தப் பாழாய்ப்போன காற்றில் நடக்கிறேன். மூடி சரியாக இறுகவில்லை, பாவாடையில் சொட்டுகிறது. உப்புப் போட்டேனா என்று வேறு ஞாபகம் வரவில்லை. போட்டிருப்பேன், இத்தனை வருஷமாகக் கை தானாகப் போடுகிறது. ஆனால் இந்தக் கையை நம்பவும் முடியாது, இன்று காலை மேஜையில் ஹார்முக்கும் சேர்த்துத் தட்டு வைத்தது இதே கைதான். என் புருஷன் ஹார்மைப் புதைத்த மேட்டில் இன்னும் ஒரு புல் முளைக்கவில்லை. என் மகன் ஐலர்ட் அந்தத் தட்டைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் எடுத்து அலமாரியில் வைத்தான். ஏதாவது சொல்லியிருக்கலாம், உனக்குப் புத்தி கலங்கிவிட்டது அம்மா என்றாவது சொல்லியிருக்கலாம். வழியில் பார்க்கிறவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். கேஷே மாதிரி மனசு யாருக்கு வரும், புருஷன் போன துக்கத்திலும் பக்கத்துப் பண்ணை நோயாளிக்குத் தினமும் சூப் கொண்டு போகிறாளே என்று. போன ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கத்திலேயே பேர் சொல்லாமல் என்னைச் சொன்னார். ஆலயத்தில் பெண்கள் பக்கம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன், பணிவு என்று நினைத்திருப்பார்கள். பணிவாவது மண்ணாவது. நான் எதற்காகச் சூப் ஊற்றுகிறேன் என்று கடவுளுக்குத் தெரியும், அவர் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

வேறு எந்த ஊராக இருந்தாலும் இந்தத் தலைவலியே இல்லை. எங்கள் சபைக் கல்லறையில் இடம் கேட்டு வாங்க முடியாது. புருஷன் பக்கத்தில் பெண்டாட்டி, அப்பா பக்கத்தில் பிள்ளை என்றெல்லாம் கிடையாது. சாகிற வரிசைதான். ஒருவர் போனால் அவருக்குப் பக்கத்துக் குழி அடுத்துப் போகிறவருக்கு, அது பண்ணை முதலாளியோ கூலியாளோ, ஜென்ம விரோதியாகவே இருந்தாலும் சரி. ஹார்முக்கு ஒரு பக்கம் கொல்லன் மென்னோ படுத்திருக்கிறான், மறுபக்கம் காலி. ஆராதனை முடிந்ததும் அந்தக் காலி இடத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், புருஷனைப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் மரியாதையாக ஒதுங்கிப் போகிறார்கள். இதில் கொடுமை என்னவென்றால், இந்த ஏற்பாட்டை எழுந்து நின்று கேட்டு வாங்கியவரே ஹார்ம்தான். அப்போது ஆலயம் கட்டவில்லை, ட்ரீனாவின் புருஷன் ஃபோல்கர்ட்டின் களஞ்சியத்தில்தான் சபை கூடும். கடலோரச் சேற்று நிலத்தில், ஜெர்மனியின் வடகோடியில், நாங்கள் விட்டுவந்த ஊரில், பணக்காரர்களுக்கு ஆலயச் சுவரை ஒட்டி இடம், கூலிக்காரர்களுக்கு மழைத்தண்ணீர் தேங்குகிற மூலை. ஹார்மின் அப்பாவை இறக்கியபோது குழியில் தண்ணீர் நின்றதாம், பெட்டி மிதந்ததாம், இரண்டு பேர் கோலால் அழுத்திப் பிடிக்க மண் தள்ளினார்களாம். அதைச் சொல்லிவிட்டு ஹார்ம் சொன்னார், "நிலம் வாங்கத்தான் இந்த அமெரிக்காவுக்கு வந்தோம். கடைசி ஆறடியையும் வாங்க வேண்டாம். யார் பக்கத்துல யாருன்னு சாவே பாத்துக்கட்டும்." ஆண்கள் எல்லோரும் கை தூக்கினார்கள். பெண்களுக்குக் கை தூக்க உரிமை இல்லை, இருந்திருந்தால் நான் இரண்டு கையையும் தூக்கியிருப்பேன், அவ்வளவு பெருமை எனக்கு. என் புருஷன் பேசினால் களஞ்சியமே அமைதியாகிறது என்று பெருமை. யார் பக்கத்தில் யார். அன்றைக்கு எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தது யார்? ட்ரீனா. அவள் வீட்டுக் களஞ்சியம், அவள்தானே ஊற்ற வேண்டும். ஹார்ம் பேசும்போது அவளைப் பார்த்தாரா? இல்லை. தரையைப் பார்த்துப் பேசினார். எப்போதுமே அவர் தரையைப் பார்த்துத்தான் பேசுவார். ஆனால் அன்று ஏன் தரையைப் பார்த்தார்?

இப்படியே போனால் நான் பைத்தியமாகிவிடுவேன். காற்று காதுக்குள் புகுந்து மண்டையைக் குடைகிறது. இந்த அயோவாக் காற்றுக்குத் தடுக்க ஒரு மேடு கிடையாது, ஊரிலாவது கடல் அலைக்குப் போட்ட கரை இருந்தது. எதை நினைத்துக்கொண்டிருந்தேன்? ட்ரீனா. ஊரில் ஹார்மும் ட்ரீனாவும் கல்யாணம் செய்துகொள்வதாகப் பேச்சு. அவர் முதலில் கப்பலேறினார், அவள் பின்னால் வருவதாக இருந்தது, அவள் அம்மா படுக்கையில் விழுந்தாள், அம்மாவை விட்டு வர முடியவில்லை. அவர் கொஞ்ச காலம் காத்திருந்தார். நான் அப்போது இல்லினாய்ஸில் ஒரு பண்ணையில் சமையல் வேலை செய்தேன், அவர் அங்கே கூலிக்கு வந்தார். கல்யாணத்துக்கு முந்தின வாரம், குதிரைச் சேணத்தைத் தைத்துக்கொண்டே, "ஊர்ல ஒருத்திக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், அவளால வர முடியல" என்றார். அவ்வளவுதான். நானும் கேட்கவில்லை. பிறகு அவள் வந்தாள், ஃபோல்கர்ட்டின் பெண்டாட்டியாக. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒருவர் பின்னால் ஒருவராக இங்கேதான் வந்தார்கள், அவளும் வந்தாள், வந்து பக்கத்துப் பண்ணையிலேயே இறங்கினாள். இத்தனை வருஷத்தில் அவளும் ஹார்மும் நாலு பேர் நடுவில் தவிர ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. நிம்மதியாகத்தான் இருந்தேன். இப்போது அவர் பக்கத்தில் அவள் படுத்துவிட்டால்? உயிர்த்தெழுகிற நாளில் கண்ணைத் திறந்து திரும்பினால் அவர் பக்கத்தில் அவள். நான் இரண்டு வரிசை தள்ளி, யாரோ ஒரு பால்காரன் பக்கத்தில். வேண்டாம். அதனால் அவள் சாகக் கூடாது. ஆனால் அவள் சாகாமல் இருந்தால் மட்டும் போதுமா? போதாது, அவளுக்கு முன்னால் நான் சாக வேண்டும். அவளுக்கு மட்டுமில்லை, சபையில் எல்லோருக்கும் முன்னால். ஊரையே சூப் ஊற்றி உயிரோடு வைத்துக்கொண்டு நான் மட்டும் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். இந்த இடத்துக்கு வந்ததும் எண்ணம் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது, தினமும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. நேற்றுப் பம்படியில், இல்லை, அதை இப்போது நினைக்க வேண்டாம். பன்றிப்பட்டிக் கதவைச் சாத்தினேனா? சாத்தினேன். கொக்கி போட்டேனா?

ஐலர்ட் அவனுக்குத் தெரிந்த வழியைச் சொன்னான். நகரத்தில் புதிதாக ஒரு கல்லறை போட்டிருக்கிறார்கள், குடும்பத்துக்கு ஒரு மனை என்று விற்கிறார்கள், சுற்றிக் கம்பி போட்டு பேர் வெட்டித் தருகிறார்கள். அவன் பெண்டாட்டி கிளாரா அமெரிக்கக்காரி, அவள் வீட்டு ஆட்கள் எல்லோரும் அங்கேதான். "அப்பாவையும் அங்க மாத்திரலாம்மா, அனுமதி தருவாங்களாம்" என்றான். நல்ல பிள்ளை, மனசறிந்து கேட்டான். ஹார்மைத் தோண்டி எடுப்பதா என்று நான் சத்தம் போட்டேன். சத்தம் போட்டுவிட்டு அன்று முழுக்க வெண்ணெய் கடைந்துகொண்டே அந்த மனையைத்தான் நினைத்தேன். கம்பிவேலிக்குள் நானும் அவரும், நடுவில் யாரும் வர முடியாது. ஆனால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், செத்த பிறகும் ஒத்துக்கொள்ள மாட்டார், கடைசி ஆறடியை வாங்க வேண்டாம் என்றவரை வாங்கின இடத்தில் கிடத்தினால் என் முகத்தைப் பார்ப்பாரா? அதுவுமில்லாமல் வூப்கேயை என்ன செய்வது? குழந்தைகளுக்குத் தனி வரிசை, சுவரோரம். எங்கள் மகள் வூப்கே அங்கே இருக்கிறாள், தொண்டை அடைத்துச் செத்தாள், அந்தக் குளிர்காலத்தில் பிள்ளை சாகாத வீடு இல்லை. அவளுக்குப் பக்கத்தில் ட்ரீனாவின் சின்னப் பையன். அவனும் அதே வாரம் போனான். அன்றைக்கு நானும் ட்ரீனாவும் பனியில் நின்றோம், மண் இறுகிக் கிடந்தது, கடப்பாறை போட்டுத் தோண்டினார்கள். பரவாயில்லை, குழந்தை தனியாக இல்லை, பக்கத்தில் ஒரு பையன் இருக்கிறான், பேச்சுத் துணை என்று நினைத்தேன். அது எனக்கு அப்போது ஆறுதலாக இருந்தது, சத்தியமாக இருந்தது. அப்போது இனித்தது இப்போது ஏன் கசக்கிறது? ட்ரீனா அப்போது என் கையைப் பிடித்தாளா, நான் அவள் கையைப் பிடித்தேனா? யாரோ பிடித்தோம். கையுறை நனைந்திருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ட்ரீனா வீடு வந்துவிட்டது, புகைபோக்கியில் புகை இருக்கிறது, ஜன்னல் திரையை இறக்கவில்லை, அப்படியென்றால் உயிரோடுதான் இருக்கிறாள். மூச்சு வந்தது எனக்கு. ட்ரீனாவின் மகள் ஹில்கே கதவைத் திறந்தாள். கல்யாணமாகாதவள், அப்பா ஃபோல்கர்ட் போன பிறகு அம்மாவைப் பார்த்துக்கொண்டே முகம் வெளுத்துவிட்டது அவளுக்கு. "வாங்க அத்தை. ராத்திரி முழுக்க உக்காந்தேதான் இருந்தாங்க, படுத்தா மூச்சு நிக்குது. உங்க சூப் மட்டும்தான் உள்ள இறங்குது" என்றாள். கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. அவள் பால் கறக்கப் போனாள். ட்ரீனா தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்திருக்கிறாள். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது, கால் இரண்டும் வீங்கிப் போர்வைக்குள் கட்டை மாதிரி கிடக்கின்றன. ஒரு காலத்தில் நல்ல உயரம், நடந்தால் பார்க்கத் தோன்றும். எனக்கும் தோன்றும், மற்றவர்களுக்குத் தோன்றாதா. ஒரு கரண்டி ஊற்றினேன். விழுங்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொரு கரண்டி. உப்பு இல்லை, நிச்சயம் இல்லை, அவள் முகம் ஒன்றும் காட்டவில்லை. குடி, ட்ரீனா. எலும்பை உடைத்துப் போட்டு வேக வைத்தது, என் வீட்டில் முட்டையிடுகிற கோழி, கிளாரா முணுமுணுத்தாள், அதையும் பொருட்படுத்தவில்லை. இப்படிக் குடிக்க வைத்தால் கிறிஸ்துமஸ் வரை தாங்குவாளா? தாங்கினால்? அதற்குள் நான் என்ன செய்யப் போகிறேன்?

பம்படியில் என்ன நடந்ததென்றால், வாளி நிரம்பிக்கொண்டிருந்தது, திடீரென்று கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலுக்குக் கீழே தரை இல்லை. இதுதான் என்று தெரிந்தது. எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது, ட்ரீனா உயிரோடு இருக்கும்போதே, இடம் காலியாக இருக்கும்போதே, இதோ வந்துவிட்டது, கையை விட்டால் போதும், கல்தளத்தில் விழுந்தால் முடிந்தது, ஹார்ம் பக்கத்தில் நான். நான் என்ன செய்தேன்? பம்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எப்படிப் பிடித்தேன் என்றால், இன்றைக்கும் உள்ளங்கை கன்றிப்போய் இருக்கிறது. ஐலர்ட்டைக் கூப்பிட்டேன், கத்தினேன், ஆளைக் கூட்டினேன். அவன் ஓடிவந்து உட்கார வைத்தான், நான் ரொட்டி கேட்டேன். ரொட்டி. வெண்ணெயும் பன்றிக்கறித் துண்டும் வைத்து முழுசாகத் தின்றேன், தின்றுகொண்டே அழுதேன், கிளாராகூடப் பயந்துவிட்டாள். புருஷன் பக்கத்தில் படுக்க வேண்டும் என்று ஊர் நோயாளியைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறவள், வாய்ப்பு வந்ததும் இரும்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். அப்படியானால் எனக்கு ஹார்ம் மேல் ஆசை இல்லையா? இருக்கிறது. இந்த நிமிஷம்கூட நெஞ்சு வலிக்கிற அளவுக்கு இருக்கிறது. ஆசை இருந்தால் போக வேண்டியதுதானே? போகவும் மனசில்லை, விடவும் மனசில்லை. வாத்துகள் கொழுத்து வருகின்றன, இந்த மாதக் கடைசியில் இறகு பறிக்க வேண்டும், ஐலர்ட்டுக்கு வசந்தத்தில் குழந்தை பிறக்கப் போகிறது, இதெல்லாம் ஏன் இப்போது ஞாபகம் வருகிறது? நான் ட்ரீனாவுக்கு ஊற்றுகிறேன், ட்ரீனா விழுங்குகிறாள், யாருக்காக என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சூப் பாதியில் அவள் கரண்டியை விலக்கினாள். தேநீர் கேட்டாள். கணப்பின் மேல் கெண்டி சூடாகத்தான் இருந்தது. கோப்பையில் கற்கண்டைப் போட்டு, தேநீரை ஊற்றினேன், கற்கண்டு படபடவென்று வெடித்தது, ஓரமாகப் பாலேடு விட்டேன். கலக்கக் கூடாது, எங்கள் ஆட்கள் கலக்க மாட்டார்கள். மூன்று கோப்பைக்குக் குறைந்து எழுந்திருக்கவும் மாட்டார்கள். போதும் என்றால் வாயால் சொல்லக் கூடாது, கரண்டியைக் கோப்பைக்குள் போட்டுவிட வேண்டும், போடாதவரை வீட்டுக்காரர் ஊற்றிக்கொண்டே இருப்பார். கிளாரா முதன்முதல் எங்கள் வீட்டுக்கு வந்தபோது இது தெரியாமல் குடித்துக்கொண்டே இருந்தாள், ஹார்ம் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார், கடைசியில் பாவம் வாசலுக்கு ஓடினாள். ஹார்ம் அன்று சிரித்த சிரிப்பு. ட்ரீனா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகக் குடித்தாள். முதல் கோப்பை முடிந்தது. நான் கெண்டியை எடுத்தேன். அவள் கரண்டியை எடுத்துக் கோப்பைக்குள் போட்டாள். நான் கெண்டியோடு அப்படியே நின்றேன். எங்கள் ஆட்களில் முதல் கோப்பையிலேயே கரண்டி போட்டவரை நான் பார்த்ததில்லை.

"உக்காரு கேஷே" என்றாள். உட்கார்ந்தேன். "நீ எதுக்கு சூப் கொண்டு வர்றன்னு எனக்குத் தெரியும்."

எனக்குக் காது சுட்டது. அயலார் என்றால் உதவி செய்யத்தானே வேண்டும் என்று ஏதோ உளறினேன். அவள் கையை லேசாக ஆட்டி நிறுத்தினாள். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசினாள், நான் குறுக்கே பேசினால் அவள் மூச்சு வீணாகும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

"நானும் அதுக்குத்தான் குடிக்கிறேன். எனக்கு ருசி தெரியல, பசியும் இல்ல. அந்த இடம் உன்னோடது. நான் முந்திக்கிட்டு அதுல போய்ப் படுக்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். ஒருதடவை உனக்கு வந்ததை நான் பறிக்கல, இப்பவும் பறிக்க வேண்டாம்னு பாத்தேன்." மறுபடி மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஆனா தினமும் நீ காத்துல கன்னம் செவந்து நடந்து வர்ற. உன்னைப் பாத்தா சாகற மாதிரி தெரியல."

சிரிக்கிறாளா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. உண்மையாகவே கணக்குப் பார்க்கிறவள் மாதிரி என் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாளும் நான் அவளைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன், அவள் எனக்காக நின்றிருக்கிறாள். உட்கார்ந்தபடியே, தூங்காமல், உப்பில்லாத சூப்பைக் குடித்துக்கொண்டு. எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, உடனே வெட்கம் வந்தது, பிறகு எது எது என்று தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது.

"எனக்கு முடியல கேஷே. படுக்க முடியல, உக்கார முடியல. ஹில்கேயைப் பாரு, அவளும் கூடவே செத்துக்கிட்டு இருக்கா. நீ சொல்லு. வேணும்னா இன்னும் கொஞ்சம் தாங்கறேன். வேண்டாம்னா என்னை விடு."

ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் ஹார்மைக் கொடுத்துவிடுகிறேன். சொல்லாவிட்டால் இவள் இன்னும் எத்தனை பகல் இப்படிச் சாய்ந்து கிடப்பாள், நான் என்ன, நாளைக்கே போகப் போகிறேனா? போகமாட்டேன். பம்புக் கைப்பிடியை மறுபடி பிடிப்பேன், எத்தனை தடவை இருட்டினாலும் பிடிப்பேன். அது தெரிந்ததும் ஒரு பக்கம் நிம்மதியாகவும் ஒரு பக்கம் ஹார்முக்குத் துரோகமாகவும் இருந்தது. அவர் என்றால் என்ன சொல்வார்? தரையைப் பார்த்துக்கொண்டு, சாவே பாத்துக்கட்டும் என்பார். அவரைக் கேட்டுப் பயனில்லை. வெளியே ஹில்கே மாட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது. ட்ரீனாவின் கையைப் பிடித்தேன். இந்தத் தடவை நான்தான் பிடித்தேன், அது நிச்சயம்.

"நீ போ, ட்ரீனா" என்றேன். "எனக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கணும் போல இருக்கு."

அவள் தலையாட்டினாள். தோள் தளர்ந்து தலையணையில் இன்னும் கொஞ்சம் உள்ளே போனாள். நான் எழுந்து, தூக்கை எடுத்து, கதவு வரை போய்விட்டேன். பிறகு மனசு கேட்கவில்லை, திரும்பி வந்தேன்.

"அவருக்கு இடது காது கேக்காது. நீ படுக்கப்போறது அந்தப் பக்கம்தான்."

ட்ரீனா கண்ணைத் திறந்தாள். "ஹார்முக்கா? கரைக்கு அந்தாண்ட நின்னு மெல்லக் கூப்பிட்டாலே வந்துருவானே."

"அது அங்கே" என்றேன். "இங்க வந்தப்புறம், கதிரடிக்கிற மெஷின் பக்கத்துல நின்னு நின்னு போயிருச்சு. யாருக்கும் காட்டிக்க மாட்டார், தலையைத் திருப்பிச் சமாளிச்சுருவார். உனக்கு அது தெரியாது. எதுவானாலும் சத்தமாச் சொல்லு."